கையடக்கக் கேமராவோடு கடலுக்குள்: முதல்முறை இறங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அந்தமானுக்கு டிக்கெட் போட்டவர்கள் முதலில் கேட்பது ஹோட்டலைப் பற்றி. அடுத்தது கேமராவைப் பற்றி. எங்கள் நண்பர் வட்டத்தில் அந்த இரண்டாவது கேள்வி எப்படியோ என் வாட்ஸப்புக்கு வந்து சேர்ந்துவிடும். நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் இல்லை. சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு சில வருடங்களாகக் கடலில் இறங்கி, ஒரு கேமராவை உப்புத் தண்ணீருக்குப் பலி கொடுத்து, ஆயிரக்கணக்கில் மீன் வால்களைப் படம் பிடித்தவன். அதே பதிலைத் திரும்பத் திரும்ப டைப் செய்து அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தக் கேமரா வாங்கலாம்?

இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, பிறவியிலேயே தண்ணீர் புகாத கேமரா. இந்த வகையில் பெரும்பாலோர் கையில் பார்ப்பது ஒலிம்பஸ் டஃப் டிஜி-6. 2019இல் வந்தது. அதன் தம்பி டிஜி-7, ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் 2023இல் வந்தது. இரண்டுமே 12 மெகாபிக்ஸல், 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும். ‘போனிலேயே 50 மெகாபிக்ஸல் இருக்கிறதே’ என்று கேட்காதீர்கள். கடலுக்குள் மெகாபிக்ஸலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்தக் கேமராக்களின் உண்மையான பலம் மைக்ராஸ்கோப் மோட். லென்ஸுக்கு 1 செ.மீ. முன்னால் இருப்பதைக்கூடத் தெளிவாகப் பிடிக்கும்.

இரண்டாவது வழி, சாதாரண கையடக்கக் கேமராவும் அதற்கென்றே அச்சாகச் செய்த, ஹவுசிங் என்கிற தண்ணீர் புகாத உறையும். சோனி ஆர்எக்ஸ்100, கேனன் ஜி7 எக்ஸ் போன்றவற்றுக்கு 40 மீட்டர் வரை தாங்கும் ஹவுசிங்குகள் வந்தன. இவற்றின் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் பதிவு செய்யும் சில்லு, பெரியது. மங்கிய வெளிச்சத்திலும் படம் குருணை குருணையாக வராது.

முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது முதல் வழியைத்தான். ஹவுசிங்கே இல்லாமல் ஸ்நார்க்கலிங் (வாயில் மூச்சுக் குழாயோடு நீர்மட்டத்தில் மிதந்து பார்ப்பது) போகலாம், கிணற்றில் இறங்கலாம், மழையில் நனையலாம். பின்னால் ஆசை வளர்ந்தால் டிஜி-6க்கும் 45 மீட்டர் தாங்கும் ஹவுசிங் உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் ஒன்றை மட்டும் பாருங்கள்: பேட்டரி மூடியின் உள்விளிம்பில் ஓடும் ரப்பர் வெடித்தோ, தட்டையாகியோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

போனை பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போனால் போதாதா?

இடுப்பளவுத் தண்ணீரில் சரி. அதற்குக் கீழே, தண்ணீர் பையை அமுக்கித் திரையோடு ஒட்டிவிடும். தொடுதிரை தானாக எதையாவது அழுத்தத் தொடங்கும், இல்லையென்றால் எதற்குமே அசையாது. ஐபி68 என்று பெட்டியில் போட்டிருக்கும் தண்ணீர் தாங்கும் தரக் குறியீடு நன்னீரில் அசையாமல் வைத்துச் சோதித்த கணக்கு. உப்புத் தண்ணீரும் அலையும் அதில் சேர்த்தி இல்லை. உங்கள் வங்கிக் கணக்கு, விமான டிக்கெட், அம்மாவின் நம்பர் எல்லாம் இருக்கிற பொருளை முதல் நாளே கடலில் இறக்காதீர்கள்.

கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமரா?

வீடியோவுக்கு அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. புதிய மாடல்கள் ஹவுசிங் இல்லாமலே 10 மீட்டர் போகும். ஆனால் அதில் ஃப்ளாஷ் கிடையாது. ஏறக்குறைய ஒரு முழத்துக்குள் இருக்கிற சின்னப் பொருளுக்கு ஃபோகஸும் வராது. விரல் நகம் அளவு நண்டைப் படம் எடுக்க வேண்டும் என்றால் கையடக்கக் கேமராதான்.

15 மீட்டர் என்று போட்டிருக்கிறது. 15 மீட்டர் வரை போகலாமா?

இதை யாரும் கேட்பதே இல்லை, கேட்க வேண்டிய கேள்வி. 10 மீட்டர் இறங்கினால் கேமராவின் மேல் விழும் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அதன்பின் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு மடங்கு கூடும். 15 மீட்டர் என்பது அசையாத தண்ணீரில், புத்தம்புதிய ரப்பரோடு எடுத்த கணக்கு. படகிலிருந்து கேமராவைக் கையில் பிடித்தபடி குதித்தால் அந்த ஒரு கணத்தில் விழும் அடி வேறு. எனவே கேமராவை மேலே இருப்பவரிடம் கொடுத்துவிட்டுக் குதியுங்கள், தண்ணீருக்குள் இருந்து கை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். பயிற்சி இல்லாதவர்கள் பயிற்றுநரின் கையைப் பிடித்துக்கொண்டு போகும் அறிமுக டைவில், ஸ்கூபா பயிற்சி தரும் பேடி அமைப்பின் விதிப்படி அதிகபட்சம் 12 மீட்டர். அதுவரை டிஜி-6 தாங்கும். ஆனால் அடுத்த படியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தவர்கள் 18 மீட்டர் வரை போகலாம். அதாவது சான்றிதழ் கையில் வந்த மறுநாளே, உங்கள் கேமராவைவிட ஆழமாகப் போகும் தகுதி உங்களுக்கு வந்துவிடுகிறது. மீன் ஒன்றைத் துரத்திக்கொண்டு போய் 17 மீட்டரில் ஆழமானியைப் பார்த்துத் திடுக்கிட்டவர்கள் உண்டு. அந்தக் கட்டத்தில் ஹவுசிங் ஆடம்பரம் இல்லை, தேவை.

ஓ-ரிங், ஓ-ரிங் என்கிறார்களே, அது என்ன? அவ்வளவு முக்கியமா?

ஹவுசிங்கின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே உட்காரும் வளையம். பிரஷர் குக்கர் காஸ்கெட் மாதிரிதான், ஆனால் மெலிந்தது, வளையல் தடிமன்கூட இருக்காது. உங்கள் கேமராவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான்.

என் கதையைச் சொல்கிறேன். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஒரு காலை. படகு கிளம்பப் போகிறது, எல்லாரும் ஏறிவிட்டார்கள். நான் அவசர அவசரமாக மெமரி கார்டு மாற்றி ஹவுசிங்கை மூடினேன். தண்ணீரில் 3 மீட்டர் போயிருக்க மாட்டேன், ஹவுசிங்கின் மூலையில் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஆடுவது தெரிந்தது. மேலே வந்து திறந்து பார்த்தால், வளையத்துக்குக் குறுக்கே ஒரு தலைமுடி. ஒரே ஒரு முடி, அதுவும் என்னுடையது. கேமரா அன்றே போய்விட்டது. யார் மேலும் பழி போட முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்வது இது. முந்தின இரவே அறையில், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து வளையத்தை விரலால் ஒரு பக்கம் தள்ளி மடிப்பு விழவைத்து எடுப்பேன். கத்தி, ஊசி எதுவும் வேண்டாம், கீறிவிடும். பழைய ஏடிஎம் கார்டின் மூலை போதும். வளையத்தை இரண்டு விரலுக்கு நடுவில் மெதுவாக உருவினால் ஒரு மணல் துகள் இருந்தாலும் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாததை விரல் கண்டுபிடிக்கும். அது உட்காரும் பள்ளத்தை நூல் உதிராத துணியால் துடைப்பேன், டவலால் அல்ல. பிறகு கேமரா கம்பெனி கொடுத்த கிரீஸை அரிசி மணி அளவு எடுத்து, வளையம் முழுக்க மினுமினுக்கும்படி மட்டும் தடவுவேன். கிரீஸ் தண்ணீரைத் தடுப்பதில்லை, வளையம் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காரத்தான் அது. அப்பிவிட்டால் மணலும் முடியும் வந்து ஒட்டிக்கொள்ளும். எந்தக் கிரீஸும் சரி என்று நினைக்காதீர்கள். தவறான கிரீஸ் பட்டால் சில ரப்பர்கள் ஊறிப் பருத்துவிடும்.

மூடிய பின் விளக்கு வெளிச்சத்தில் சுற்றிலும் பாருங்கள். வளையம் உட்கார்ந்த கோடு ஒரே சீராக, உடையாமல் தெரிய வேண்டும். அப்புறம் வாளியில் நீர் நிரப்பி, கேமரா இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் வைத்து ஹவுசிங்கை 10 நிமிடம் முக்கி வையுங்கள். எல்லாப் பொத்தானையும் தண்ணீருக்குள்ளேயே அழுத்திப் பாருங்கள். காகிதம் காய்ந்திருந்தால் கேமராவை உள்ளே வைக்கலாம்.

கசிவு பெரும்பாலும் முதல் ஓரிரு மீட்டரிலேயே தெரிந்துவிடும். ஆழம் போகப் போக நீரழுத்தமே மூடியை இறுக்கிவிடுகிறது. எனவே இறங்கியதும் கேமராவை முகத்துக்கு நேராகப் பிடித்து, சரமாகக் குமிழ் வருகிறதா என்று அரை நிமிடம் பாருங்கள்.

டஃப் வகைக் கேமராவில் இந்த வளையம் பேட்டரி மூடிக்குள் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். விதி மாறாது. படகில், ஈரக் கையோடு அந்த மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

ஹவுசிங்குக்குள் ஆவி படிகிறது. ஏன்?

பில்டர் காபி டம்ளரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு குடிப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். படகின் புழுக்கக் காற்றோடு மூடியிருப்பீர்கள், கேமராவும் சூடாகும், வெளியே தண்ணீர் குளிர்ச்சி. ஈரமெல்லாம் கண்ணாடியில் போய் உட்காரும். ஏசி அறையில் மூடுங்கள், அங்கே காற்று உலர்ந்திருக்கும். உள்ளே ஒரு சிலிகா ஜெல் பொட்டலம் செருகுங்கள், அது ஓ-ரிங்கின் மேல் ஏறாமல். படகில் வெயில் படும் இடத்தில் வைக்காமல் ஈரத் துணி போட்டு மூடி வையுங்கள்.

எடுத்த படமெல்லாம் நீலமாக இருக்கிறதே? கேமரா கோளாறா?

கேமரா உண்மையைத்தான் சொல்கிறது. தண்ணீர் வெளிச்சத்தை வடிகட்டும். முதலில் விழுங்குவது சிவப்பை. ஏறக்குறைய 5 மீட்டரிலேயே சிவப்பு மங்கத் தொடங்கும், 10 மீட்டர் வாக்கில் ஆரஞ்சு, 20ஐ நெருங்கும்போது மஞ்சள். மிஞ்சுவது நீலமும் பச்சையும்தான். 20 மீட்டர் ஆழத்தில் கையைக் கீறிக்கொண்டால் ரத்தம் பச்சைக் கறுப்பாகக் கசியும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அடிவயிறு கலங்கும்.

நம் கண்ணுக்கு இது ஏன் தெரிவதில்லை என்றால், ‘இது சிவப்பு மீன்’ என்று மூளை தானே வண்ணம் பூசிக்கொள்கிறது. கேமராவுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. ஆழம் மட்டும் கணக்கில் வராது, மீனுக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள தண்ணீரும் சேரும். 5 மீட்டர் ஆழத்தில், 3 மீட்டர் தள்ளி இருக்கிற மீனை எடுத்தால், வெளிச்சம் மேலிருந்து மீனுக்கு 5, மீனிலிருந்து கேமராவுக்கு 3, ஆக 8 மீட்டர் தண்ணீரைக் கடந்து வருகிறது. அரை மீட்டருக்கு நெருங்கிவிட்டால் ஐந்தரைதான். ஒரு பொத்தானையும் தொடாமல் வண்ணம் பாதி திரும்பிவிடும்.

மீதிக்கு மூன்று வழி. கேமராவில் நீரடி ஒயிட் பேலன்ஸ் (வண்ணச் சமன்) இருந்தால் போடுங்கள், டிஜி-6இல் ஆழத்துக்குத் தகுந்தபடி மூன்று உண்டு. அது இல்லாவிட்டால் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ்: வெள்ளை மணலையோ வெள்ளைப் பலகையையோ காட்டி ‘இதுதான் வெள்ளை’ என்று கேமராவுக்குச் சொல்வது. ஐந்தாறு மீட்டர் ஏறி இறங்கினால் மறுபடி சொல்ல வேண்டும். மூன்றாவது, லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர். நீலக் கடலில், நல்ல வெயிலில், நடுத்தர ஆழத்தில் அது நன்றாக வேலை செய்யும். ஃபில்டரும் ஃப்ளாஷும் மட்டும் ஒன்றாக வேண்டாம், படம் தக்காளிச் சட்னியாகிவிடும்.

ஃப்ளாஷ் போட்டால் பனி பெய்தமாதிரி வெள்ளைப் புள்ளிகள் வருகின்றன.

கொடைக்கானல் மலைப்பாதையில் மூடுபனிக்குள் ஹைபீம் போட்டு ஓட்டியிருக்கிறீர்களா? எதிரே சாலை தெரியாது, வெள்ளைச் சுவர்தான் தெரியும். அதேதான் இது. தண்ணீரில் மிதக்கும் மணலும் நுண்ணுயிர்களும் லென்ஸை ஒட்டியிருக்கும் ஃப்ளாஷ் வெளிச்சத்தை நேராகத் திருப்பி அனுப்புகின்றன.

ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் எதற்கும் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். கையகல தூரத்தில் இருக்கும் சின்ன விஷயத்துக்கு மட்டும் ஃப்ளாஷ், அதுவும் முன்னால் வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளை டிஃப்யூஸரோடு. நடுவில் தண்ணீர் குறைவு, புள்ளிகளுக்கும் இடம் குறைவு. பெரிய கேமராக்காரர்கள் நண்டுக்கால் மாதிரி இரண்டு கைகள் நீட்டி ஸ்ட்ரோப் என்கிற தனி ஃப்ளாஷ் மாட்டிக்கொண்டு வருவது ஏன் தெரியுமா? வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும் என்றுதான். நமக்கு ஒரு டைவிங் டார்ச் போதும். இடது கையில் பிடித்து, கேமராவிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சாய்வாக அடியுங்கள்.

எவ்வளவு கிட்டே போக வேண்டும்?

போதும் என்று தோன்றிய பிறகு இன்னும் பாதி தூரம்.

தண்ணீருக்குள் எல்லாமே உண்மையான தூரத்தில் முக்கால் பங்கில்தான் இருப்பதுபோலத் தெரியும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். அண்டாத் தண்ணீரில் கிடக்கும் கரண்டியை எடுக்கப் போய்க் கை தவறுவது இதனால்தான். ‘கிட்டே வந்துவிட்டோம்’ என்று நீங்கள் நினைக்கும்போது இன்னும் கால் பங்கு தூரம் மிச்சம் இருக்கிறது. ஜூம் போட்டு அதைச் சரிக்கட்ட முடியாது. ஜூம் மீனைத்தான் பெரிதாக்கும், நடுவில் இருக்கும் கலங்கல் தண்ணீர் அப்படியே இருக்கும். நான் ஜூம் பொத்தான் மேல் டேப் ஒட்டி வைத்திருந்த காலம் உண்டு.

மீன் நிற்கவே மாட்டேன் என்கிறது. வால்தான் வருகிறது.

எல்லாருக்கும் முதலில் வருவது வால்தான். துரத்துவதுதான் காரணம். மீனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே: பின்னால் பெரிதாக ஒன்று வந்தால் ஓடு. காலில் ஃபின் என்கிற நீச்சல் துடுப்பு போட்ட மனிதன் எந்த மீனையும் ஜெயித்ததில்லை.

கோமாளி மீனிடம் கற்றுக்கொள்ளுங்கள். இடுப்புக்குச் சற்று மேலான தண்ணீரிலும்கூட, பாறை ஓரத்தில் அனிமோன் என்கிற கடல் சாமந்தி இருந்தால் அதற்குள் ஒரு குடும்பம் இருக்கும். இருப்பதிலேயே பெரியது அம்மா. அவள் போய்விட்டால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிப் பொறுப்பேற்றுக்கொள்ளும், அது வேறு கதை. நீங்கள் வந்ததும் எல்லாம் உள்ளே போய்விடும். மிதந்துகொண்டு சும்மா இருங்கள். ஒரு நிமிடத்துக்குள் அம்மா வெளியே வருவாள், உங்களை முறைப்பாள், ஒரு சாண் முன்னால் வந்து திரும்பி உள்ளே போவாள். மறுபடி வருவாள். நாலைந்து தடவை பார்த்தால் ஒரு தாளம் பிடிபடும். வெளியே வரும்போது எங்கே ஒரு நொடி நிற்கிறாள் என்பதைக் கவனியுங்கள். அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு இதழில் ஷட்டரைப் பாதி அழுத்தி ஃபோகஸை நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருங்கள். முகம் உங்கள் பக்கம் திரும்பும்போது மீதிப் பாதி.

அந்தப் பாதி அழுத்தல்தான் ரகசியம். கையடக்கக் கேமராக்கள் பொத்தானை ஒரேயடியாக அழுத்தினால் ஃபோகஸ் தேடிவிட்டுத்தான் படம் எடுக்கும். அந்தத் தாமதத்தில்தான் முகம் போய் வால் வருகிறது.

இன்னும் ஒன்று. மேலே மிதந்தபடி கீழே நோக்கி எடுக்காதீர்கள், மீனும் பாறையும் ஒரே கறையாகக் கலந்துவிடும். மீனின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள், முடிந்தால் இன்னும் கீழே. பின்னணியில் நீலத் தண்ணீர் வந்தால் மீன் தனியே பிரிந்து நிற்கும். கண் ஃபோகஸில் இருந்தால் மற்றதெல்லாம் மன்னிக்கப்படும்.

செட்டிங் என்ன வைப்பது?

முதல் நாள் கேமராவின் நீரடி மோடிலேயே விட்டுவிடுங்கள், மூளைக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. இரண்டாம் நாளிலிருந்து: ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 400க்கு மேல் போகாமல் பூட்டுங்கள், ஷட்டர் 1/125 நொடிக்குக் கீழே போகாமல் பாருங்கள், தொடர் படப்பிடிப்பைப் போடுங்கள், ரா ஃபைலும் (கேமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஜேபெக்கும் சேர்த்துச் சேமிக்கச் சொல்லுங்கள். திரையின் வெளிச்சம் முழுதாக இருக்கட்டும்.

முதல் ஸ்கூபா டைவிலேயே கேமராவைக் கொண்டுபோகலாமா?

வேண்டாம். கொண்டுபோக விடவும் மாட்டார்கள், பெரும்பாலான இடங்களில். அது நல்லதுக்குத்தான். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றவும், காதை ஊதிச் சமன் செய்யவும், மேலே போகாமல் கீழே போகாமல் ஒரே மட்டத்தில் மிதக்கவும் கை தானாகச் செய்யும் நிலை வர வேண்டும். அதற்குள் கேமரா கையில் இருந்தால் நீங்கள் பாறையில் முட்டுவீர்கள், அல்லது பவளத்தின் மேல் உட்காருவீர்கள். ஸ்நார்க்கலிங்குக்குத் தாராளமாகக் கொண்டுபோங்கள். கேமரா மூழ்கும், எனவே மணிக்கட்டில் மிதவைப் பட்டை கட்டுங்கள், ஆரஞ்சோ மஞ்சளோ. ஸ்கூபாவுக்கு மிதவை வேண்டாம், கயிறு மட்டும்.

போவதற்கு முன் ஊர்க் கிணறோ நீச்சல் குளமோ கிடைத்தால், அடியில் ஒரு பொம்மையையும் ஒரு ரூபாய் நாணயத்தையும் போட்டு அரை நாள் பழகிவிட்டுப் போங்கள். விடுமுறையில் இரண்டு நாள் மிச்சமாகும்.

படம் ஆடாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொள்ளலாமா?

ஸ்கூபாவில் கூடவே கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து நிறுத்திக்கொண்டு ஒரு மீட்டர் மேலே வந்தாலே நுரையீரலுக்குள் காற்று விரிந்து காயம் உண்டாகலாம். மூச்சு நிற்கவே கூடாது. மெதுவாக வெளியே விட்டபடியே ஷட்டரை அழுத்துங்கள். குமிழ் மீனை விரட்டினால் விரட்டட்டும்.

ஸ்நார்க்கலிங்கில் முக்குளிக்கும்போது வேறு ஆபத்து. அதிக நேரம் கீழே இருக்கலாம் என்று வேக வேகமாக மூச்சு இழுத்துவிட்டு இறங்காதீர்கள், எச்சரிக்கையே இல்லாமல் நினைவு தப்பும். ஸ்கூபாவில் ஐந்து படத்துக்கு ஒரு முறை காற்று மானியையும் கூட வந்தவரையும் பாருங்கள். கேமராக்காரர்களோடு டைவ் போவது என்றாலே பலருக்குக் கடுப்பு. ஒரே நண்டின் முன்னால் கால் மணி நேரம் தொங்கிக்கொண்டிருப்போம்.

எங்கே, எந்த மாதத்தில் போனால் தண்ணீர் தெளிவாக இருக்கும்?

அந்தமானுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. லட்சத்தீவு அதைவிடத் தெளிவு என்பார்கள், நுழைய முன் அனுமதி வாங்க வேண்டும். இலங்கையில் திருகோணமலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. அங்கே கரையை ஒட்டியே பவளம், துடுப்பு முனை கறுத்த சின்னச் சுறாக்கள் ஆழமில்லாத தண்ணீரில் ரோந்து வரும். ஸ்நார்க்கலும் கையடக்கக் கேமராவும் மட்டும் வைத்திருப்பவருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. கூட்டம்தான் தொல்லை, முதல் படகில் போங்கள்.

புதுச்சேரியில் டைவிங் உண்டு, தெளிவு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கலங்கிய நாளில் சின்ன உயிர்களைக் கிட்டப் போய் எடுக்கும் நுண்படங்களுக்கு இறங்குங்கள், பெரிய காட்சிக்கு ஆசைப்படாதீர்கள். வடகிழக்குப் பருவமழையின்போது நம் கரையோரம் முழுக்க டீத் தண்ணீர்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இலிருந்து தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே இறங்கக் கூடாது.

நேரம் என்றால் காலை 10 முதல் மதியம் 2 வரை. வெயில் உச்சியில் இருந்தால்தான் உள்ளே இறங்கும். கரையில் படம் எடுப்பவர்கள் வெறுக்கும் நேரம் நமக்கு நல்ல நேரம்.

பவளத்தைப் பிடித்துக்கொண்டு எடுத்தால் ஆடாமல் இருக்குமே?

ஆடாமல்தான் இருக்கும், ஆனால் நீங்கள் பிடித்தது உயிர். பாறை மாதிரி உருண்டிருக்கும் பவளங்கள் வருடத்துக்கு ஒரு செ.மீ. அளவில்தான் வளரும். உங்கள் முழங்கை பட்டு உடையும் துண்டு உங்கள் மகனின் வயதாக இருக்கலாம். இந்தியாவில் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமான பாதுகாப்பில் இருக்கின்றன. கரையில் செத்துக் கிடக்கும் பவளத் துண்டைப் பையில் போட்டாலும் விமான நிலையத்தில் மாட்டுவீர்கள். தவிர, பிடித்துக்கொள்ளும் பாறையின் மேல் பாறை மாதிரியே கல் மீன் உட்கார்ந்திருக்கும். அதன் முதுகு முள்ளில் விஷம்.

ஆமை மூச்சு வாங்க மேலே போனால் குறுக்கே நிற்காதீர்கள். பேத்தை மீனைச் சீண்டி ஊதவைத்துப் படம் எடுக்கும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அப்படிச் செய்து காட்டினால் கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள். படம் எடுப்பவர் இருப்பதால்தான் அவர் செய்கிறார்.

தண்ணீர் புகுந்துவிட்டது. என்ன செய்வது?

ஆழத்தில் இருந்தால் கேமராவுக்காகப் பாய்ந்து மேலே வராதீர்கள். ஹவுசிங்கைச் சாய்த்துத் தண்ணீர் கேமராவைத் தொடாத மூலையில் தேங்கும்படி பிடித்துக்கொண்டு, வழக்கமான வேகத்தில் ஏறுங்கள். மேலே வந்ததும் ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். உப்புத் தண்ணீர் பட்ட லித்தியம் பேட்டரி சூடாகலாம், தனியே வையுங்கள், திரும்பப் பயன்படுத்த வேண்டாம். மெமரி கார்டை நன்னீரில் அலசிக் காயவைத்தால் பெரும்பாலும் படங்கள் பிழைத்துவிடும். என்னுடையவை பிழைத்தன. அரிசி டப்பாவில் புதைப்பதால் உப்பு போகாது, அரிசிதான் வீண்.

கடலை விட்டு வந்த பிறகு?

உப்பு காய்வதற்குள் நன்னீர் வாளியில் அரை மணி நேரம் மூழ்க வையுங்கள், எல்லாப் பொத்தானையும் இருபது தடவை அழுத்துங்கள். காய்ந்த உப்பு பொத்தானுக்குள் கண்ணாடித் தூள் மாதிரி. நிழலில் உலர்த்துங்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். உபரி பேட்டரிகள் விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும், ஹவுசிங்கை இறுக்கி மூடாமல் எடுத்து வாருங்கள்.

வீட்டில் வந்து வண்ணத்தைச் சரி செய்ய முடியுமா?

ரா ஃபைலில் எடுத்திருந்தால் நிறையவே முடியும். போனில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்னாப்சீடே போதும்: ஒயிட் பேலன்ஸை வெப்பப் பக்கம் தள்ளுங்கள், கொஞ்சம் சிவப்பு ஏற்றுங்கள், கான்ட்ராஸ்ட் கூட்டுங்கள். ஆழத்தில் பதிவாகாத சிவப்பை எந்த மென்பொருளும் வரவழைக்காது. தண்ணீர் நீலமாக இருக்கும்போதே நிறுத்திக்கொள்ளுங்கள். சிலர் படங்களில் கடல் சாம்பல் நிறத்தில் இருக்கும், மீன் மட்டும் திருவிழா பலூன்.

நான் கண்ணாடி போடுகிறவன்.

பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க் கிடைக்கும். நாற்பது தாண்டியவர்களுக்குத் திரையைப் படிப்பதுதான் சிரமம். மாஸ்க்கின் கீழ் ஓரத்தில் ஒட்டும் ரீடிங் லென்ஸ் இருக்கிறது, அதை ஒட்டிக்கொள்ளலாம்.

ஒரு டைவில் எத்தனை படம் தேறும்?

என் முதல் பயணத்தில் நான்கு நாளில் 600க்கு மேல் எடுத்தேன். தேறியது மூன்று. ஒன்றில் சிங்க மீன், கொஞ்சம் சாய்ந்து. இன்னொன்றில் மேலே அண்ணாந்து பார்த்து எடுத்த சூரியன், குமிழ்கள். மூன்றாவது, படகுக்காரர் கேமராவை வாங்கி விளையாட்டாக எடுத்தது: தண்ணீருக்கு மேல் தலை நீட்டி, மாஸ்க் கோணலாக, நான் ஓ-ரிங்கைப் பற்றி யாருக்கோ விளக்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பது அதைத்தான்.